பத்துத் துவரும் ஒரு சட்டி மருத்துநீரும்



பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, அல்லது செயற்கையால் வருகிறதா? பாண்டிய மன்னன் ஒருவனுக்கு இந்த ஐயம் எழுந்த கதையும், இறைவனே பாட்டெழுதித் தருமியின் கையிற் கொடுத்தனுப்பிய கதையும், அதில் நக்கீரர் குற்றங் கண்ட கதையும் நாம் அறிந்தவை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே படித்தவர்களைவிட, 1965 இல் வந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்திலே பார்த்தவர்கள்தான் இன்று அதிகம். பார்த்தவர்கள் பெரும்பாலும் இறைவன் பக்கமே நிற்பார்கள். நான் இன்று நக்கீரர் பக்கம் நின்று சில வார்த்தைகள் பேசலாமென்று எண்ணுகிறேன்.

கூந்தலுக்கு மணம் தானாக வருவதில்லை, மலராலும் நெய்யாலும் புகையாலும் வருகிறது என்பதே நக்கீரர் வாதத்தின் சாரம். அப்படியானால் அந்த மலரை யாரோ பறிக்க வேண்டும். பட்டையை யாரோ உரித்து இடிக்க வேண்டும். நெய்யை யாரோ காய்ச்சி வடிக்க வேண்டும். நம் புலவர்கள் மணத்தை நிறையப் பாடினார்கள்; இடித்த கைகளைப் பாடியவர்கள் குறைவு. அந்தக் கைகளின் வரலாற்றைத்தான், பூம்புகாரில் தொடங்கி நமது புத்தளக் கரை வரைக்கும், இன்று சற்றே தேடிப் பார்க்கப் போகிறோம்.

சிலப்பதிகாரத்திலே கடலாடு காதை. ஊடியிருந்த கோவலன் உவக்கும்படி மாதவி தன்னை அலங்கரித்துக் கொள்கிறாள். இளங்கோவடிகள் அவளுடைய கூந்தலிலிருந்து தொடங்குகிறார். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரிலே அவள் தலைமுழுகுகிறாள். பிறகு கூந்தலைப் புகையிலே உலர்த்துகிறாள். பகுதி பகுதியாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள். முழுக்கு, புகை, சாந்து என்று வரிசை தவறாமற் சொல்லிப் போகிறார் அடிகள்.

இந்தப் பகுதியை உயர்தர வகுப்பிலே கற்பிக்கும்போது முன்பெல்லாம் நான் விரைவாகக் கடந்துவிடுவேன். ‘பலவகை வாசனைப் பொருள்கள்’ என்று ஒரு சொற்றொடரில் முடித்துவிடுவேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, “அந்தப் பத்தும் என்னென்ன, ரீச்சர்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து உரையைப் புரட்டினேன்.

உ. வே. சாமிநாதையர் 1892 இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றியபோது அடியார்க்கு நல்லார் உரையையும் சேர்த்தே பதிப்பித்தார். அந்த உரையிலே பழைய செய்யுள்களைக் காட்டி எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்கப்பட்டிருக்கிறது. பத்துத் துவர் எவையெனில்: பூவந்தி, திரிபலை எனப்படும் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் என்ற மூன்று, கருங்காலி, நாவல், நாற்பால் மரம் எனப்படும் ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நான்கு. ஐந்து விரையாவன: கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம். முப்பத்திரண்டு ஓமாலிகையிலே இலவங்கம், ஏலம், கச்சோலம், நன்னாரி, இலாமிச்சம் என்று நாம் அறிந்த பெயர்கள் சிலவும், அறியாத பெயர்கள் பலவும் வருகின்றன.

பட்டியலைப் படித்துக்கொண்டே வந்த எனக்கு ஒரு வியப்பு. விரை என்ற ஐந்தும் பணக்காரப் பொருள்கள். மலையிலிருந்தும் கடல் கடந்தும் வந்தவை. துவர் என்ற பத்தோ அப்படியல்ல. ஆலும் அரசும் நாவலும் புத்தளத்திலிருந்து சிலாபம் வரும் வீதியோரத்திலே நிற்கின்றன. நெல்லி வளவிலே நிற்கிறது. கடுக்காயும் தான்றிக்காயும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். மாதவியின் முழுக்கிலே மணத்தைக் கொடுத்தவை விலையுயர்ந்த பொருள்கள். தலையைக் கழுவியவை ஏழை வீட்டு மரங்கள்.

துவர் என்பது சுவையின் பெயர். நாவை இறுக்கிப் பிடிக்கும் சுவை. இப்பொருள்களிலே பெரும்பாலானவற்றில் அச்சுவையைத் தருவது தனின் என்ற சத்து. அது தோலையும் மயிரையும் சற்றே இறுக்கும்; இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை செய்தது இந்தக் குணத்தினாலேயே. நெல்லிக்காயை இரும்புத் தாச்சியிலே ஊறவைத்துத் தலைக்குப் பூசுகிற வீட்டுப் பெண்ணும், மை கூட்டிய கணக்கப்பிள்ளையும் ஒரே வித்தையைத்தான் செய்தார்கள். ஒருவர் வித்தை கல்வியாயிற்று. மற்றவர் வித்தை கைவைத்தியமாயிற்று.

பட்டியலின் முதற்பெயரான பூவந்தி எது? பூந்திக்கொட்டை என்றும் சொல்வார்கள். நீரிலே ஊறவைத்துப் பிசைந்தால் நுரைக்கும் காய். நுரைக்குக் காரணம் சபோனின் என்ற பொருள். சீயக்காயிலும் இருப்பது அதுவே. நான் அந்தப் பெயரை மறுநாள் வகுப்பிலே சொன்னபோது ஒருவருக்கும் தெரியவில்லை. சிலாபத்துக்குத் தெற்கேயிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் வீட்டிலே போய்க் கேட்டிருக்கிறாள். அவர்களுடைய ஆச்சி, “அது பெனெல அல்லவா?” என்று சிங்களத்திலே சொன்னாராம். அந்த ஆச்சிக்குச் செபம் தமிழ், பேச்சுச் சிங்களம். இந்தக் கரையிலே கடந்த நூறாண்டுக்குள் வீட்டுமொழி தமிழிலிருந்து சிங்களமாக மாறிய ஊர்கள் பல. காயும் மாறவில்லை, நுரையும் மாறவில்லை. பெயர் மட்டும் மொழி மாறிக் குடியேறிவிட்டது. இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். பிறகு இதற்கு வருவோம்.

கல்பிட்டியிலிருந்து சிலாபம் வரை நமது கரையோரப் பெண்களுக்குத் தலைமுழுக்கு ஒரு போராட்டம். ஒரு புறம் உப்புக்காற்று. மறுபுறம் கிணற்று நீர். பல ஊர்களிலே அது சவர்த்தண்ணீர். வேறு பல இடங்களிலே சுண்ணம் மிகுந்த நீர். புத்தளத்துக்கு வடக்கே அருவாக்காட்டில் அகழ்ந்த சுண்ணக்கல்லை நம்பித்தானே சீமெந்துத் தொழிற்சாலையே எழுந்தது! அத்தகைய கடின நீரிலே சவர்க்காரம் நுரைப்பதில்லை. நீரிலுள்ள கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து வெள்ளைப் படையாகி மயிரிலே ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரம் என்று நாம் வழங்கும் சொல்லுக்குள்ளேயே சவர் என்ற ஒலி கேட்கிறது. சொல்லின் வேர் எதுவாக இருந்தாலும், எங்கள் ஊர்ப் பெண்களின் தலை அந்தச் சவரை நன்றாக அறியும்.

இந்த நிலத்துக்கு ஏற்ற விடையைக் கண்டவர்கள் ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை, கிணற்றடியில் இருந்தார்கள். பூந்திக்காயின் நுரை கடின நீருக்கு அஞ்சாது. சவர்க்காரத்தைப் போல வெள்ளைப் படையாகத் திரியாது. தேசிக்காய்ப் புளி சுண்ணப் படையைக் கரைக்கும். செவ்வரத்தை இலையைக் கசக்கினால் வரும் வழுவழுப்பும், ஊறிய வெந்தயத்தின் பசையும் சிக்கெடுக்க உதவும். என் ஆச்சி இவற்றுக்கெல்லாம் காரணம் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை காலையிலே அம்மியில் வெந்தயம் அரைபடும் சத்தம் கேட்கும். தேங்காய்ப்பாலிலே தேசிக்காய் பிழிந்து ஒரு சிரட்டையில் இருக்கும். கடைசியாகச் சோற்றுக்கஞ்சி வடித்த தண்ணீர். “கண்ணை மூடு” என்பது மட்டுமே அவருடைய விளக்கம். பூந்தியும் சீயக்காயும் கண்ணில் பட்டால் எரிக்கும் என்பதை ஒருதரம் மூடாமலிருந்து கற்றுக்கொண்டேன்.

தேங்காய் நமது மாவட்டத்தின் செல்வம். புத்தளம், குருநாகல், கம்பகா மாவட்டங்களைச் சேர்த்துத் தெங்கு முக்கோணம் என்கிறார்கள். தெங்கு ஆராய்ச்சிக்கென 1929 இல் தொடங்கிய நிறுவகம் இந்த மாவட்டத்தின் லுணுவிலவிலேதான் இருக்கிறது. தேங்காயெண்ணெய் மயிரின் உள்ளே ஊறி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர் இருவர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். முழுகுமுன் எண்ணெய் வைக்க வேண்டும் என்று ஆச்சிமார் வற்புறுத்தியதற்கு நியாயம் இருந்திருக்கிறது.

விரைப் பொருளுக்கும் நமது கரை அந்நியமானதல்ல. 1344 இல் இபின் பதூதா வந்திறங்கிய பத்தாலா நமது புத்தளமே. ஆரியச் சக்கரவர்த்தியின் ஊரான அதன் கரையிலே, வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாக அவர் எழுதியிருக்கிறார். கறுவாப்பட்டையை நாம் இலவங்கப்பட்டை என்றும் சொல்கிறோம். ஓமாலிகைப் பட்டியலிலே வரும் இலவங்கம் இங்கே கடற்கரை விறகாகக் கிடந்திருக்கிறது!

இனி, உடப்புக்கு வாருங்கள். ஆடி மாதத்திலே திரௌபதி அம்மன் ஆலயத் திருவிழாவும் அதன் முடிவிலே தீமிதிப்பும் நடக்கின்றன. பாரதக் கதையிலே மக்கள் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்த காட்சி எது என்று கேட்டால், விரித்த கூந்தலோடு நிற்கும் பாஞ்சாலி என்றே பலரும் சொல்வார்கள். பாரதியாரின் பாஞ்சாலி சபதத்திலே அவள் கூறும் வஞ்சினத்தின் வரிசையைக் கவனியுங்கள். பூசுவேன், குளிப்பேன், சீவுவேன், முடிப்பேன் என்ற ஒழுங்கிலே அது செல்கிறது. இது எந்த வீட்டுப் பெண்ணும் வெள்ளிக்கிழமை செய்கிற காரியத்தின் ஒழுங்குதான். பூசும் பொருள் மட்டும் எண்ணெயாக இல்லாமல் இரத்தமாக மாறிவிடுகிறது. அதனாலேயே கேட்பவர் உடல் நடுங்குகிறது. முழுகி முடித்த கூந்தல் இயல்பு வாழ்க்கை. எண்ணெய் காணாத விரிகூந்தல் துயரத்தின் அல்லது சபதத்தின் அடையாளம். இந்தப் பொருளை அறிந்த சமுதாயத்திற்குத் தலைமுழுக்கு வெறும் சுத்தம் மட்டுமாக ஒருபோதும் இருந்ததில்லை.

அது சுத்தம் மட்டுமல்ல என்பதற்கு நம்மிடையே இன்றும் வாழும் சான்று மருத்துநீர். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் புண்ணியகாலத்திலே மருத்துநீர் தேய்த்து நீராட வேண்டும் என்று பஞ்சாங்கம் விதிக்கிறது. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால், கோரோசனை முதலியன சேர்த்துக் காய்ச்சிய நீர் அது. தலைக்கு இன்ன இலை, காலுக்கு இன்ன இலை என்றும் ஆண்டுதோறும் குறித்திருப்பார்கள். பெரியவர் ஒருவர் சிறியவர் தலையில் அந்த நீரை வைப்பார். முன்பு இதை வீட்டிலேயே காய்ச்சியவர்கள் இருந்தார்கள். இப்போது பெரும்பாலும் கோயிலிலே வாங்கி வருகிறோம். போத்தலிலே வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அதே நாட்களிலே நமது சிங்கள அயலவர் வீடுகளிலும் விகாரைகளிலும் தலைக்கு எண்ணெய் வைக்கும் சடங்கு நடக்கும். அவர்களுக்கும் சுபநேரம் உண்டு, தலைக்கும் காலுக்கும் இலை உண்டு, வைப்பவர் பெரியவர். தலைக்குத் தேய்க்கும் மூலிகைக் கலவையை அவர்கள் ‘நானு’ என்பர். கண்டி தலதா மாளிகையிலே புதன்கிழமைதோறும் ‘நானுமுற மங்கல்ய’ என்ற சடங்கு நடைபெறுகிறது. மூலிகையும் வாசனை நீரும் சேர்ந்த அந்த நானுவை நோய் தீர்க்கும் பொருளாக அடியார்கள் வாங்கிச் செல்கிறார்கள். இந்த நானுவும், நமது பழைய நூல்களிலே பூசும் வாசனைப் பொருளுக்கும் கத்தூரிக்கும் பெயராக வரும் ‘நானம்’ என்ற சொல்லும் உறவுடையவை. வடமொழி ‘ஸ்நானம்’ என்பதை இரண்டுக்கும் மூலமாகக் காட்டுவர். நாம் நானம் என்பதைச் சொற்பொருள் விளக்கத்திலே மனப்பாடம் செய்கிறோம். அவர்கள் நானு என்று வீட்டிலே வழங்குகிறார்கள். சிலாபத்து ஆச்சி ஒருவருக்குப் பெனெல என்பதும் நானு என்பதும் வாயில் வருகின்றன. பூவந்தி என்பதும் நானம் என்பதும் என் புத்தக அலுமாரியில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால்தான் பட்டியல் முழுமை பெறுகிறது.

பின்னர் என்ன நடந்தது? ‘ஷாம்பு’ என்ற சொல்லே நமது பக்கத்திலிருந்து போனது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அழுத்திப் பிடித்துவிடு என்று பொருள்படும் இந்திச் சொல் ‘சாம்போ’. பாட்னாவிலே பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்கு 1814 இல் சென்று மூலிகை ஆவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலுமாக ஒரு குளிப்பகம் நடத்திப் பெரும்புகழ் பெற்றார். அப்போது அச்சொல்லின் பொருள் உடலைப் பிடித்துவிடுவது. தலை கழுவுதல் என்ற பொருள் பின்னரே வந்து சேர்ந்தது. 1930களிலே செயற்கை நுரைப்பொருள் கொண்ட ஷாம்பு வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தது. அதுவும் கடின நீருக்கு அஞ்சாதது. சவர்க்காரத்தை வென்ற கிணற்றடி வித்தையை அது நேரடியாக வென்றுவிட்டது. 1977 இல் நமது நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மறுகரையிலே, கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பொட்டலத்திலே அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983 இல் ‘சிக்’ என்ற பெயரிலே அதை ஊரூராகக் கொண்டு சென்றார். மாதவி முழுகிய அதே சோழமண்டலக் கரையிலிருந்துதான் பொட்டலமும் புறப்பட்டது. இன்று எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளிலும் இத்தகைய பொட்டலங்கள் மாலைபோலத் தொங்குகின்றன.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பள்ளிக்கூட நாளிலே காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்துவிட்டு ஓடும் நானும் பொட்டலத்தைக் கிழிப்பவளே. வெந்தயம் அரைப்பதற்கும் பூந்தி ஊறுவதற்கும் நேரம் வேண்டும், விறகு வேண்டும், ஒரு கை வேண்டும். அந்தக் கை எப்போதும் பெண்ணின் கையாகவே இருந்தது. மாதவிக்குக்கூட இடித்துக் கொடுத்தவர் யாரென்று அடிகள் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணைப் பார்த்து, பழையபடி இடி என்று சொல்வது நியாயமல்ல.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். பழையது என்பதாலேயே எல்லாம் உண்மையாகிவிடாது. மூலிகை எண்ணெய் பூசினால் வழுக்கையிலே மயிர் முளைக்கும் என்று விளம்பரம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். பரம்பரையாலும் உடற்சுரப்புகளாலும் வரும் வழுக்கையை நெல்லிக்காய் திருப்பிவிடாது. கழுவுதல், சிக்கெடுத்தல், மயிர் முறியாமற் காத்தல், கறுப்பேற்றுதல் ஆகிய நான்குமே இந்தப் பொருள்களிடம் நாம் நியாயமாக எதிர்பார்க்கக் கூடியவை. நம் ஆச்சிமார் எதிர்பார்த்ததும் அவ்வளவே.

எனக்குள்ள கவலை வேறு. பொட்டலம் வந்ததால் நேரம் மிஞ்சியது; நல்லது. ஆனால் இடிப்பதை விட்டபோது பெயரையும் விட்டுவிட்டோம். பெயர் போனதும் மரம் போகிறது. எதற்கென்று தெரியாத மரத்தை வளவிலே யார் விட்டுவைப்பார்? இத்தியையும் அத்தியையும் வேறுபடுத்திக் காட்டக்கூடியவர்கள் இந்தக் கரையில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்? அவர்களும் போன பிறகு கடலாடு காதையின் அந்த அடிகள் வெறும் ஓசையாகிவிடும். உரையாசிரியர் பட்டியலைக் காப்பாற்றிக் கொடுத்தார், சாமிநாதையர் உரையைக் காப்பாற்றிக் கொடுத்தார். மரத்தைக் காட்டும் விரலைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்.

ஆகவே இப்போது அந்தப் பகுதிக்கு வரும்போது வகுப்பிலே ஒரு வேலை கொடுக்கிறேன். பத்துத் துவரின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவேன். வீட்டிலுள்ள வயதானவரிடம் காட்டி, எது தெரியும், எந்த மொழியில் என்ன பெயர், எங்கே நிற்கிறது என்று எழுதிவர வேண்டும். தமிழ்ப் பெயரும் வரலாம், சிங்களப் பெயரும் வரலாம், முஸ்லிம் அயலவர் வழங்கும் பெயரும் வரலாம். கடந்த முறை எட்டு மரங்களுக்கு இடம் கிடைத்தது. கருங்காலியும் இத்தியும் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் யாருடைய ஊரிலாவது அவை நிற்குமானால், இலையைக் கிள்ளாமல், இடத்தை மட்டும் ஒரு கடிதத்திலே எழுதி அனுப்புங்கள். வரும் சித்திரைக்கு முன் என் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.